பண்டக்காடு

நான் நடைபாதையில கிடக்கிற இரும்பு மூடியளில கால் வைக்கிறேல்லை எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரன்ரை இந்த ஊரில, லாச்சப்பல் சந்தியில இருந்து மார்க்ஸ் டோர்மோய் வரைக்கும் என்னோட நடந்து பாருங்கோ. மூடிக்கு மூடி விலகி, கம்பிச் சட்டத்தைச் சுத்தி, வெறிகாரி மாதிரித்தான் போவன். "இவவுக்குக் காலில வாதம்" எண்டு ஒருத்தி. "இல்லையடி, இரும்பை மிதிச்சா லச்சுமி போயிடும் எண்டு பாக்கிறா" எண்டு இன்னொருத்தி. சொல்லுங்கோ, சொல்லுங்கோ. வாயிருக்கிற ஆக்கள் சொல்லத்தானே வேணும். ஆனா தண்டவாளத்துக்குப் பக்கத்தில பழைய குண்டு எடுபட்டு ரயில் எல்லாம் நிண்ட அண்டைக்கு, மரக்கறிக் கடையில வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில தொப்பெண்டு இருந்திட்டன். அதைப் பார்த்த பிறகு ஒருத்தரும் பகிடி விடேல்லை. அதாலதான் சொல்லுறன். என்ரை வயசுக்காரியள் உங்களுக்குச் சொல்லாட்டி வேற ஆருக்குச் சொல்லுறது?

அண்டைக்கு உங்களுக்கெல்லாம் எரிச்சல். செவ்ரானில இருந்து ரயிலில வந்தவ வீட்டை போக வழியில்லாமல் கறிவேப்பிலைக் கட்டோட நிண்டு திட்டினா: "இவ்வளவு காலம் சும்மா கிடந்த சனியன், நான் சாமான் வாங்க வந்த நாளாப் பார்த்தோ தலையை நீட்டவேணும்?" எல்லாரும் சிரிச்சியள். நானும் சிரிச்சனான். காசு வாங்கிற இடத்தில நிண்ட பெட்டை இஞ்சை பிறந்தவள். போனைப் பார்த்துக்கொண்டே, "செ ரியான் ஆன்ரி, ஒண்டுமில்லை, பழைய யுத்தக் குண்டாம், புலிஸ் எடுத்துப்போடும்" எண்டாள். நான் சும்மாதான் கேட்டன், "எத்தினை கிடக்காம் பிள்ளை?" அவள் தலை நிமிராமல் சொன்னாள், "ஒண்டுதான்."

அந்த ஒரு சொல்லிலதான் நான் வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில இருந்தது. அதே சொல்லை நான் ஒன்பது வயசில என்ரை அப்பாவின்ரை வாயால கேட்டனான். அதோட, இஞ்சை பக்கத்தில பொண்டியில இருக்கிற என்ரை தம்பி ஊருக்கு டிக்கெட் போட்டிருந்த நேரம் அது. ஆமி பிடிச்சு வைச்சிருந்த எங்கட பழைய வளவை விட்டிட்டாங்களாம். போய் அத்திவாரம் வெட்டப்போறானாம். வெட்டப்போறானாம்! அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு அந்த மண்ணில! எனக்கு நித்திரை போய்க் கனநாள்.

எங்கட ஊர் திருகோணமலைப் பக்கம். கடல் தெரியாது, உள்ளுக்கு, காட்டோரம். அப்பா யாழ்ப்பாணத்தில பங்குக் காணி போதாமல் வயலுக்கெண்டு வந்து அங்கை குடியேறின மனுசன். ஊருக்கு நடுவில ஒரு றோட்டு கிடந்தது. ஒரு இடத்துக்கும் போகாத றோட்டு. காட்டில துவங்கிக் காட்டிலயே முடியும். முழுக்கச் சீமெந்து, அகலமெண்டா பஸ்ஸுகளைப் பக்கத்துக்குப் பக்கமா ஓட்டலாம். யப்பான்காரனோட சண்டை நடந்த காலத்தில வெள்ளைக்காரன் பிளேன் இறக்கப் போட்டது. நாங்கள் அதைப் பிளேன்றோட்டு எண்டுதான் சொல்லுறது. எங்கட காலத்தில அதில இறங்கினது காகமும் கொக்கும்தான். ஊர்ச்சனம் நெல்லுக் காயப்போடும், மிளகாய் காயப்போடும், பெடியள் டயர் உருட்டுவாங்கள்.

வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போனதில அரைவாசி எங்கட வீடுகளுக்குள்ளதான் கிடந்தது. ஓட்டை ஓட்டையான இரும்புத் தகடுகள், மணலில பிளேன் புதையாமல் விரிச்சதாம், அதெல்லாம் எங்கட வேலி. அந்த ஓட்டைக்குள்ளால பக்கத்து வீட்டுச் சண்டையைக் கண் எடுக்காமல் பாக்கலாம். பள்ளிக்கூடமும் அவன்ரை கொட்டில்தான். பெரிய பீப்பாயை நெடுக்காப் பிளந்து கவிட்டு வைச்ச மாதிரித் தகரக் கொட்டில். வெயில் ஏற ஏற அது டிங், டிங் எண்டு தன்ரை பாட்டில சத்தம் போடும். எங்கட வீட்டில ஒரு முள்ளுக்கரண்டியும் இருந்தது, பிடியில ஏதோ எழுத்தோட. அம்மா ஊறுகாய்க்குத் தேசிக்காய் குத்துறது அதாலதான். இஞ்சை எத்தினை முள்ளுக்கரண்டி வாங்கியாச்சு, அந்தப் பாரம் ஒண்டிலயும் இல்லை.

வெள்ளைக்காரன் அடிச்சிருந்த இந்தக் காம்பின்ரை சரித்திரமெல்லாம் எங்களுக்குச் சொன்னது குசினியப்பு. அந்த மனுசன் நடு வயசில வெள்ளைக்காரற்ற குசினியில உருளைக்கிழங்கு உரிச்சவர். அவ்வளவுதான் அவர் செய்த உத்தியோகம். ஆனா கதையைக் கேட்டா, கிழவர்தான் பிளேனையே ஓட்டினவர் எண்டு நினைப்பியள். பால் கறந்து முடிய மாட்டுக்கு 'தாங்கியூ' சொல்லுறவர். அவர் சொல்லுவார்: முதல் ஒரு ஜீப் வந்ததாம். பிறகு கோடாலிக்காரர். யானை நடந்த பாதைக்கு மேல சீமெந்து ஊத்தினவங்களாம். காட்டுக்குள்ள கரண்ட் லைட் எரிஞ்சதாம், வேட்டியை இழுத்துக் கட்டிப் படம்கூடக் காட்டினவங்களாம். சண்டை முடிஞ்சுதெண்டு றேடியோவில சொன்ன கையோட எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டிட்டு வெளிக்கிட்டாங்களாம். "கொடியில காயப்போட்ட உடுப்பைக்கூட எடுக்கேல்லை. அவ்வளவு அவசரம்" எண்டுவார்.

பிளேன்றோட்டு முடியிற இடத்துக்கு அங்கால முட்கம்பி அடிச்ச ஒரு துண்டுக் காடு இருந்தது. லொறி லொறியாப் பெட்டியள் போனது அதுக்குள்ளதானாம். குசினியப்புவை உள்ளுக்கு விடேல்லை. உதென்ன இடமெண்டு கேட்டாராம். ஒரு துரை 'பண்டம்' எண்டு சொன்னவராம். "வெள்ளைக்காரன்ரை வாயில தமிழ்ச் சொல்லு எப்பிடி வந்துது பார்! பண்டமாம், பண்டம்!" எண்டு கிழவர் இருந்து இருந்து அதிசயிப்பார். அவர் அதிசயிக்க ஊரும் அதிசயிச்சுது. அந்தக் காட்டுக்குப் பேர் பண்டக்காடு எண்டு விழுந்திட்டுது. போகேக்க கொண்டுபோகேலாமல் வெள்ளைக்காரன் தன்ரை பண்டம் எல்லாத்தையும் அங்கைதான் மண்ணுக்குள்ள தாட்டவன் எண்டு சின்னப் பிள்ளையிட்டக் கேட்டாலும் சொல்லும். அதோட, பண்டத்துக்கு ஒரு துரைப்பேய் காவல் எண்டும் கிழவர்தான் கட்டிவிட்டது. காய்ச்சலில செத்த துரையாம். கால் நிலத்தில முட்டாதாம். தேத்தண்ணி கேட்டுத் திரியுமாம்.

எனக்கு அந்தப் பேயில பயம் எண்டாப் பயம், அப்பிடிப் பயம். பள்ளிக்கூடத் தகரம் டிங் எண்டா நான் பெஞ்சில இருந்து துள்ளுவன். அப்பா சிரிப்பார்: "மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

நான் சொல்லுற வருசம் பாணுக்கு வரிசையில நிண்ட காலம், உங்களுக்கும் ஞாபகமிருக்கும். வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் வராது. டின்மீன் இல்லை, சீத்தைத் துணி இல்லை, பிஸ்கட்டைப் படத்தில பார்த்தாச் சரி. அந்த நேரத்தில சனத்துக்குப் பண்டக்காடு ஞாபகம் வராட்டித்தானே புதினம். ஆசை வெக்கமறியாது. தையில நெல்லு வெட்டி முடிஞ்ச கையோட அப்பாவும் அயலில ரெண்டு மூண்டு பேரும் அலவாங்கு, மண்வெட்டியோட வண்டிலைக் கட்டிக்கொண்டு போச்சினம்.

பின்னேரம் திரும்பி வரேக்க வண்டில் அச்சு முறியிற மாதிரி முனகுது. மேல சாக்குப் போட்டு மூடி ஒரு இரும்புச் சாமான். எங்கட மாட்டுக் கண்டின்ரை நீளம் இருக்கும், நடு பருத்து, ஒரு முனை மொட்டை, மற்றது கூம்பிப்போய். கறள் பிடிச்சுக் கிடந்தாலும் சுத்திவர ஒரு சிவப்பு வளையமும், மங்கிப்போன மஞ்சள் வளையமும் தெரிஞ்சுது. அம்மா கிட்ட வந்து பார்த்திட்டு, "குங்குமமும் மஞ்சளும் மாதிரியெல்லே கிடக்கு. நல்ல சகுனம்" எண்டா. பாருங்கோ, எங்கட ஆக்களை!

குசினியப்பு வந்து விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "வெண்ணெய். துரையள் வெண்ணெய் இல்லாமல் பாண் தின்னமாட்டினம்." அப்பா எண்ணெயா இருக்கும் எண்டார். அம்மாவுக்குத்தான் வேற யோசினை வந்திட்டுது. நாங்கள் சுத்த சைவம். "இஞ்சருங்கோ, மாட்டிறைச்சியா இருந்தா என்ன செய்யிறது? என்ரை கிணத்தடியில வைச்சு உதை உடைக்க விடமாட்டன்." எங்கட அப்பா நாள் பாக்காமல் தலைமயிரும் வெட்டமாட்டார் எண்டதால, மாசியில ஒரு நல்ல நாள் பார்த்து, வளவுக்கு வெளிய உருட்டிக்கொண்டுபோய் உடைக்கிறதெண்டு முடிவாச்சுது. அதுவரைக்கும் கிணத்தடியில கிடக்கட்டாம்.

கிடந்துது. சாமான் வந்து ரெண்டு நாளைக்கு எல்லாரும் சுத்தி நிண்டு பார்த்தினம். பிறகு அது வீட்டில ஒரு ஆள் மாதிரி. அம்மா அதில உடுப்புத் தோய்ச்சா. ஓங்கி ஓங்கி அடிச்சுத் தோய்ச்சா. என்ரை தம்பிக்கு அப்ப நாலு வயசு. அவனுக்கு அது குதிரை. காலை ரெண்டு பக்கமும் போட்டு ஏறியிருந்து, குதிக்காலால இடிச்சு இடிச்சு, "ஓடு, ஓடு" எண்டுவான். குசினியப்பு சொன்னபடி துரைப்பேய்க்கு மடையும் வைச்சினம். வெள்ளைக்காரனுக்குப் பொங்கிப் புக்கை படைச்சாக் கோவம் வருமாம். அதால ஒரு துண்டுப் பாணும் பால்தேத்தண்ணியும்.

நான் மட்டும் கிட்டப் போகேல்லை. ஒருநாள் மத்தியானம் ஆருமில்லாத நேரம் போய்க் காதை வைச்சுப் பார்த்தனான். வெயிலில கொதிச்சுக் கிடந்த இரும்பு. உள்ளுக்கு ஏதோ டிண் எண்டுது. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப டிண். சூட்டில இரும்பு விரியிற சத்தமெண்டு இப்ப சொல்லுவியள். எனக்கு அண்டைக்குத் தெரிஞ்சது, உள்ளுக்கு வெள்ளைக்காரன் இருக்கிறான், விரலால தட்டுறான். ஓடிப்போய் அம்மாவின்ரை சீலைக்குள்ள முகத்தைப் புதைச்சனான். காய்ச்சல் வந்திட்டுது. கிணத்தடிக்குப் போகமாட்டன், குளிக்கமாட்டன், படுக்கையை நனைக்கத் துவங்கினன், ஒன்பது வயசுக் குமரிப்பிள்ளை! கோயில் ஐயர் திருநீறு போட்டு நூல் கட்டினார். அப்பா நெத்தியைத் தடவி, "பிள்ளை, அதுக்குள்ள ஒண்டும் இல்லை. நான் உடைச்சுக் காட்டுறன், பார்" எண்டார். எனக்கு அந்தப் பேச்சைக் கேக்கத்தான் கூடப் பயம். உடைச்சா அது வெளிய வந்திடுமே! முதலில நிக்கிறது அப்பாவெல்லோ! தம்பி அதில ஏறியிருந்து இடிக்கிற ஒவ்வொரு இடியும் என்ரை நெஞ்சிலதான் விழுந்துது. இறங்கடா எண்டு கத்தினா அம்மா என்னைத்தான் பேசுவா, சின்னப் பிள்ளையை வெருட்டுறன் எண்டு.

நல்ல நாளும் வந்துது. அப்பா விடிய எழும்பிக் குளிச்சு, பட்டை பட்டையாத் திருநீறு பூசி, வெட்டிரும்பையும் சம்மட்டியையும் கழுவி வைச்சார். அயலட்டை கூடி அந்தச் சாமானைப் படலைக்கு வெளிய, நாவல் மரத்தடிக்கு உருட்டிச்சுது. உருட்டேக்க அது கல்லில மோதின சத்தம் இப்பவும் என்ரை பல்லுக்குள்ள கூசுது. சந்தனம் பூசிப் பொட்டு வைச்சாச்சு. தம்பியைத் தூக்கி மேல இருத்தியாச்சு, பிள்ளைக் கை பட்டா விளங்குமாம். என்னைப் பிளேன்றோட்டில நெல்லுக்குக் காகம் கலைக்க அனுப்பினவை. எட்டப் போகக் கிடைச்சுதெண்டு நானும் தடியோட ஓடினன். ஆனா அங்கை போய் நிக்க மனம் ஏவேல்லை, வீட்டுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிண்டன்.

பிறகு திரும்பினா, றோட்டின்ரை அந்தத் தொங்கலில ஒரு கார் நிக்குது. நெல்லுப் பரவிக் கிடந்ததால இங்கால வரேலாமல் நிண்டிருக்கு, முன்பக்கத்தால புகை வருது. காரில இருந்து ஆரோ இறங்கி நடந்து வருகினம். நல்ல உயரம், வெள்ளைத் தொப்பி, சிவந்த முகம். சீமெந்தில கானல் பறக்குது. அந்தாளுக்கு முழங்காலுக்குக் கீழ ஒண்டும் இல்லை. கால் நிலத்தில முட்டேல்லை! என்ரை ஐயோ! தடியைப் போட்டிட்டு நான் ஓடின ஓட்டம், நெல்லையெல்லாம் உழக்கிக்கொண்டு ஓடினனான்.

வழியில குசினியப்பு. நான் கத்தின கத்தலில திரும்பிப் பார்த்தார். பார்த்த உடன மனுசன் கூனலை நிமித்திக் கையை நெத்தியில வைச்சு ஒரு சலூட் அடிச்சார் பாருங்கோ. பேய்க்கு ஆராவது சலூட் அடிப்பினமோ? பிறகுதான் விளங்கிச்சு, அது உயிருள்ள வெள்ளைக்காரன். சண்டைக் காலத்தில அங்கை வேலை செய்தவனாம், இடத்தைப் பாக்க வந்திருக்கிறானாம். எங்களுக்கு அண்டைக்கு அவன் கிழவன். இப்ப யோசிச்சா, இண்டைக்கு எனக்கிருக்கிற வயசும் அவனுக்கு இருந்திராது. காரோட்டி வந்தவர் றேடியேற்றருக்குத் தண்ணி எடுக்க வாளியோட குளத்துக்குப் போயிட்டார். குசினியப்பு சந்தோசப் புளுகத்தில துரையின்ரை கையைப் பிடிச்சு, "வாங்கோ துரை, பண்டம் எடுத்திருக்கிறம், பண்டம்" எண்டு நேர எங்கட படலைக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டார்.

வெள்ளைக்காரன் சிரிச்சுக்கொண்டுதான் வந்தவன். மரத்தடிக்கு வந்தான். சந்தனம் பூசி, பொட்டு வைச்சு, கற்பூரம் கொளுத்தி, மேல என்ரை தம்பி குதிரை ஓட்டிக்கொண்டு இருக்கிறதைக் கண்டான். அப்பா அப்பதான் வெட்டிரும்பை வைக்க இடம் பார்த்துக்கொண்டு நிக்கிறார். வெள்ளைக்காரன் கையை நீட்டினான். கத்தினான்.

"பொம். பொம் டம்ப்."

குசினியப்புவுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேணும். "கேட்டியளோ! நான் சொன்னா நம்பமாட்டியள். துரையின்ரை வாயாலயே வந்திட்டுது. பண்டமாம்!" சனம் எல்லாம் தலையை ஆட்டுது, "ஓம் ஓம், பண்டம், பண்டம்." அப்பாவும் மரியாதையாச் சொன்னார், "ஓம் துரை, பண்டம்தான். உங்கட பண்டம். இப்ப எங்கட பண்டம்." அவன் திரும்பத் திரும்ப அதையே கத்துறான், இவையும் திரும்பத் திரும்பத் தலையை ஆட்டினம். பொம் எண்ட சொல்லு பிறகு எங்கட பால்குடிப் பிள்ளையளுக்கும் தெரிஞ்ச சொல்லு. அப்ப எங்கட ஊருக்கு அந்தச் சொல்லு வந்து சேரேல்லை.

"கொடுத்திட்டுப் போகச் சொல்லுறான்போல" எண்டு ஆரோ சொல்ல, அப்பாவுக்கு மூக்கு விடைச்சிட்டுது. "இவ்வளவு வருசம் எங்கை இருந்தவராம்? நாங்கள் கிண்டி எடுத்த பிறகு வாறார்." சம்மட்டியைக் கையில எடுத்திட்டார்.

நான் மட்டும் அவன்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். பேய்தானோ எண்டு எனக்கு இன்னும் சந்தேகம், அதால கண் எடுக்கேல்லை. அவன்ரை சொண்டு வெளிறி, தாடை நடுங்குது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அது என்ரை நடுக்கம். இந்தச் சாமானுக்கு என்னைப்போல பயப்பிடுற இன்னொரு ஆள் இந்த உலகத்தில இருக்கு! பேய் பயப்பிடுமோ? பேயே பயப்பிடுற சாமான் எண்டா உள்ளுக்குக் கிடக்கிறது என்ன? நான் பாய்ஞ்சு தம்பியின்ரை காலைப் பிடிச்சு இழுத்து விழுத்தினன். அவன் குளறிக் குளறி என்ரை கையைக் கடிச்சான். நான் விடேல்லை, தறதறவெண்டு இழுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனன்.

அப்பா சம்மட்டியை ஓங்கினார். அப்பதான் அந்த வெள்ளைக்காரன் செய்தான் ஒரு வேலை. போய் அதுக்கு மேல இருந்திட்டான்.

சந்தனத்துக்கும் பொட்டுக்கும் மேல, வெள்ளைக் காற்சட்டையோட. ரெண்டு கையாலயும் இரும்பைப் பிடிச்சுக்கொண்டு. அப்பா ஓங்கின கையோட நிக்கிறார். வீட்டு வாசலுக்கு வந்த ஆள், அதுவும் தலை நரைச்ச ஆள், எப்பிடி அடிக்கிறது? "எழும்புங்கோ துரை." எழும்பேல்லை. "எழும்பும் ஐசே!" எழும்பேல்லை. சனத்தில கொஞ்சம் சிரிச்சுது, கொஞ்சம் தூசணம் பேசிச்சுது. ரெண்டு பேர் தோளில பிடிச்சு இழுத்தும் பார்த்தினம். அவன் கண்ணால தண்ணி ஓட ஓட எங்களைப் பார்த்துக் கையை வீசினான், போங்கோ, போங்கோ எண்டு. அம்மாதான் மெள்ளச் சொன்னா: "இஞ்சருங்கோ, பொருளுக்கு ஆசைப்பட்டவன்ரை முகம் உப்பிடி இராது. கையை இறக்குங்கோ."

அந்த நேரம் காரோட்டி தண்ணி வாளியோட வந்தார். திருகோணமலை ரவுணில இருந்து வந்த சிங்கள ஆள், கொஞ்சம் தமிழ் தெரியும். துரை அவரைக் கண்டு ஏதோ சொன்னார். வாளி கையால விழுந்துது. "ஐயோ, குண்டு! குண்டு! ஓடுங்கோ!"

ஓடினம். எப்பிடி ஓடினம் எண்டு கேக்காதேங்கோ. அப்பா என்னையும் தம்பியையும் ரெண்டு கக்கத்திலயும் இடுக்கிக்கொண்டு ஓடினார், சம்மட்டியும் கையிலதான், போட மறந்திட்டார். வயல் வரம்புக்கு அங்கால குப்புற விழுந்து கிடந்தம். அப்பாவின்ரை நெஞ்சு என்ரை முதுகில அடிச்ச அடி இருக்கே, அப்பாவுக்குப் பயம் வருமெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். நான் தலையைத் தூக்கிப் பார்த்தனான். மரத்தடியில அந்தாள் இன்னும் இருக்கிறார். குசினியப்புதான் கடைசி, கிழவருக்கு ஓடேலாது, தடியை ஊண்டி ஊண்டிப் போறார். அவர் பாதை திரும்பி மறைஞ்ச பிறகுதான் வெள்ளைக்காரன் எழும்பினான். முட்டையில இருந்து எழும்புற கோழிமாதிரி மெள்ளமா எழும்பி, பின்பக்கமாவே அடிவைச்சு வந்தான்.

பிறகு குளத்துக்கட்டில இருத்தி, ஆரோ தேத்தண்ணி குடுத்தினம். துரைப்பேய்க்கு வைக்கிற அதே தேத்தண்ணி. அரைவாசி மடியில ஊத்துண்டுது. காரோட்டி கேட்டுக் கேட்டுச் சொன்னார். பொம் டம்ப் எண்டாக் குண்டுக் கிடங்காம், அதைத்தான் நாங்கள் பண்டம் எண்டு கேட்டிருக்கிறம். சண்டை முடியக் குண்டுகளை லொறியில ஏத்திக் கொண்டுபோய்க் கடலில போடச் சொன்னதாம் கட்டளை. கடல் தூரம். கப்பல் வந்து நிக்குது, ஊருக்குப் போகவேணும், எல்லாரும் பெடியங்கள். கிட்டக் கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டு, கடலில போட்டதெண்டு சொல்லிப்போட்டு ஓடிட்டாங்களாம். கிடங்கு வெட்டினதில தானும் ஒருத்தனாம். தனக்குப் பிள்ளை பிறந்த பிறகு நித்திரை வாறேல்லையாம்.

அப்பாவைக் கேட்டினம், எத்தினை எடுத்தியள் எண்டு. "ஒண்டுதான்" எண்டார் அப்பா. அப்பா திருப்பிக் கேட்டார், "நீங்கள் எத்தினை தாட்டனீங்கள்?" வெள்ளைக்காரன் ஒரு கையை விரிச்சான். மடக்கினான். திரும்ப விரிச்சான். பிறகு கையை மடியில போட்டிட்டுக் கீழ பார்த்துக்கொண்டு இருந்தான். அவனுக்குத் தெரியாது.

ரவுணில இருந்து ஆக்கள் வந்து அதைப் பிளேன்றோட்டுத் தொங்கலில கொண்டுபோய் வைச்சு வெடிக்க வைச்சவை. காய்ஞ்சுகொண்டிருந்த நெல்லெல்லாம் ஒருக்காத் துள்ளி விழுந்துது. பண்டக்காட்டையும் கிண்டிப் பார்த்துச் சிலதை எடுத்தவை, எல்லாத்தையும் எடுத்தவையோ எண்டு ஆருக்குத் தெரியும். ஊர் அதைப் பகிடிக் கதையாக்கிப்போட்டுது. அம்மா குண்டில உடுப்புத் தோய்ச்ச கதை. குசினியப்பு சாகுமட்டும் ஒத்துக்கொள்ளேல்லை: "வெடிச்சது வேற. பண்டம் இன்னும் கிடக்கு." எனக்கு மட்டும் பகிடி வரேல்லை. அதுக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போனது முழுக்கச் சீமெந்திலதான். மண்ணில கால் வைக்கேல்லை.

பிறகு எங்கட சண்டை வந்துது. அது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் விடிய ஷெல் விழத் துவங்க, போட்டது போட்டபடி வெளிக்கிட்டம். அம்மாவின்ரை சேலை கொடியிலயே காய்ஞ்சுகொண்டு நிண்டுது. அதுக்குப் பிறகு அந்த வளவில சண்டைக்காரரில ஒரு பகுதி இருந்தது, பிறகு மற்றப் பகுதி இருந்தது. ஆர் ஆர் வந்தவை, என்னத்தைத் தாட்டவை, எந்த அவசரத்தில விட்டிட்டுப் போனவை? அவையும் பெடியங்கள்தானே.

தம்பி பயணம் போற அண்டைக்குப் பொண்டிக்குப் போனனான். சூட்கேஸ் வாசலில நிக்குது, சப்பாத்தும் போட்டு ஆயத்தம். கீழ அவன்ரை மகன் காரில நிண்டு போன் அடிச்சுக்கொண்டே இருக்கிறான், பிரெஞ்சில பேசுறான், நேரம் போகுதாம்.

"அக்கா, அழுது வழியனுப்பாதையணை" எண்டான் தம்பி.

"நான் அழவரேல்லை. நீ போ, கோயிலுக்குப் போ, சொந்தத்தைப் பார். அலவாங்கு மட்டும் தொடமாட்டன் எண்டு சொல்லு."

"உனக்கென்ன விசரே? கண்ணிவெடி எல்லாம் எடுத்துப்போட்டாங்கள். எடுத்தாச்செண்டு எழுதிப் போட் நட்டிருக்கு."

"எத்தினை எடுத்தவங்களாம்?"

"எல்லாம்."

"எல்லாம் எண்டா எத்தினை? தாட்டவன் வந்து கணக்குச் சொன்னவனோ?"

"ஐயோ அக்கா!" எண்டு சூட்கேஸைப் பிடிக்கக் குனிஞ்சான். நான் அதுக்கு மேல இருந்திட்டன்.

இந்த உடம்போட இருந்தா ஆர் அசைக்கிறது? மச்சாள் குசினிக்குள்ள இருந்து எட்டிப் பார்த்திட்டுத் தலையை இழுத்திட்டா. தம்பி முதல் சிரிச்சான். "குதிரையில இருந்து என்னை இழுத்து விழுத்தினனீ. இப்ப நீ ஏறியிருக்கிறாய்." பிறகு கையைப் பிடிச்சு இழுத்தான். பிறகு ஏசினான். "எழும்பணை, பிளேன் போகப்போகுது. வெள்ளைக்காரன்ரை பேய் உன்னில ஏறியிட்டுது."

"ஏறினா ஏறட்டும்" எண்டன். என்ரை தாடை அடிச்சுக்கொண்டு இருந்தது, என்னால நிப்பாட்டேலாமல் கிடந்துது. தம்பி அதைப் பார்த்தான். கீழ கார் ஹோர்ண் அடிக்குது.

"அக்கா" எண்டான், குரல் இறங்கிப்போச்சு. "அந்தாள் எவ்வளவு நேரம் இருந்தவர்?"

"கடைசி ஆள் வெளிக்கிடுமட்டும்."

அவன் சுவரில முதுகைச் சாய்ச்சுக்கொண்டு மெள்ளக் கீழ இருந்தான். இருந்து, சப்பாத்தைக் கழட்டத் துவங்கினான்.